மஞ்சள் வைத்த கோட்டு

வான்மதிக்குப் பழைய துணி வாங்கத் தெரியும். வேறு எதிலும் தன்னைக் கெட்டிக்காரி என்று சொல்லிக்கொள்ளாதவள், இந்த ஒன்றில் மட்டும் மனசுக்குள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வாள். அவள் குடியிருந்த நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து இரண்டு ஊர் தள்ளி, ஒரு சர்ச் நடத்தும் பழைய துணிக்கடைக்குத்தான் போவாள். உள்ளே போனதும் ஒரு சட்டையை எடுத்து முதலில் அக்குள் பக்கம் முகர்ந்து பார்ப்பாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்ப்பாள். ஜிப்பை ஏற்றி இறக்குவாள். எம்.எஸ்சி. வேதியியலில் அவள் படித்த ஆய்வுமுறை எல்லாம் அமெரிக்கா வந்ததிலிருந்து இதற்குத்தான் பயன்பட்டுக்கொண்டிருந்தது.

இதைவிடப் பெரிய கடை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே போகமாட்டாள். தமிழர்கள் பார்த்துவிடுவார்கள். அதற்காகப் பெட்ரோல் செலவழித்து தூரத்துக் கடைக்குப் போய் மிச்சம் பிடித்தாள். அப்படிப் போயும் ஒரு நாள் ஸ்வெட்டர் வரிசைக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழும்பியது. அவள் அபார்ட்மென்ட்டிலேயே பின்கட்டிடத்தில் குடியிருக்கும் ஸ்வர்ணா.

"ஹாய் வான்மதி! நான் சும்மா, டொனேட் பண்ண வந்தேன்."

"நானும்தான் ஸ்வர்ணா. டொனேட் பண்ண."

வான்மதியின் கையில் பை இல்லை. ஸ்வர்ணாவின் தோளில் ஹேங்கரோடு மூன்று ஸ்வெட்டர்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

"டொனேட் பண்றது நல்ல விஷயம் இல்ல?" என்றாள் ஸ்வர்ணா.

"ரொம்ப நல்ல விஷயம்."

அதற்குப் பிறகு துணி துவைக்கும் அறையில் பார்க்கும்போதெல்லாம் இருவரும் மழையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

கணவன் இளமாறனுக்கு இதில் வெட்கம் கிடையாது. ஆபீசில் யாராவது சட்டை நன்றாக இருக்கிறது என்றால், "என் வைஃப் சர்ச்ல பிடிச்சது" என்பான். எவனோ போட்டுத் தேய்த்த காலர் தன் கழுத்துக்குச் சரியாக இருப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். வேலை செய்ய அனுமதி வரும்வரை வான்மதி வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. ஒரு சம்பளம். நியூ ஜெர்சி வாடகை. சட்டையிலாவது மிச்சம் பிடிக்கலாம் என்று ஆரம்பித்தது, பிறகு அதுவே அவளுடைய வேலை மாதிரி ஆகிவிட்டது.

அம்மாவிடம் மட்டும் சொன்னதில்லை.

அம்மா வசந்தாமணி கோபிச்செட்டிபாளையத்தில் இருந்தாள். அப்பாவுக்கு உரக்கடையில் வேலை. இழுத்துப் பிடித்துத்தான் குடும்பம் நடந்தது. ஆனாலும் அம்மாவுக்கு ஒரு பெருமை உண்டு. கல்யாணமோ காதுகுத்தோ, யாரிடமாவது அதைச் சொல்லாமல் வீடு திரும்பமாட்டாள். "எத்தன கஷ்டம் வந்தாலும் சரீங், மஞ்ச வெக்காத துணிய எம் புள்ள ஒரு தீவாளிக்குக்கூட போட்டதில்லீங்." தீபாவளி விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் மணைமேல் புதுப் பாவாடை சட்டை இருக்கும். ஓரத்தில் விரல்நுனி அளவு மஞ்சள். அதைப் பார்த்ததும் வான்மதி குதிப்பாள். திருப்பூர்ப் பெரியம்மா மகள் கயலுக்கும் இவளுக்கும் துணி ஒரே மாதிரி அமையும். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ரசனை ஒன்றுதான் என்று வான்மதி நினைத்துக்கொள்வாள்.

அப்படி வளர்த்த மகள் அடுத்தவர் அக்குளை முகர்ந்துகொண்டு நிற்கிறாள் என்று எப்படிச் சொல்வது?

அனுமதி அட்டை வந்தது. வான்மதி கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் அப்ளை பண்ணினாள். எங்கிருந்தும் பதில் இல்லை. போனில் பேசிய ஒன்றிரண்டு இடங்களில் அவளுக்கு ஆங்கிலம் வாயில் வரவில்லை. கடைசியில் ஜூன் மாதம், நேரில் வரச்சொல்லி ஒரு மருந்துக் கம்பெனி மெயில் அனுப்பியது. மருந்துகள் வெளிச்சத்திலும் சூட்டிலும் எவ்வளவு நாள் கெடாமல் இருக்கின்றன என்று சோதிக்கும் லேப். கல்லூரியில் அவள் செய்த ஆய்வும் அதை ஒட்டியதுதான். இதையும் விட்டுவிட்டால் படித்ததை மறந்துவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. ஏற்கெனவே சில சமன்பாடுகள் கனவில் வந்து, முழுசாக வராமல் போய்க்கொண்டிருந்தன.

சர்ச் கடையில் ஒரு பிளேசர் கிடைத்தது. சந்தன நிறம். உள்துணி கிழியவில்லை. தோள் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. ஒன்பது டாலர். வான்மதி அதை மடியில் வைத்துக்கொண்டு கார் ஓட்டி வந்தாள்.

இன்டர்வியூ பதினோரு மணிக்கு. காலையில் இளமாறன், "ஆல் தி பெஸ்ட். ஸ்லோவா பேசு. பேசறதுதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு ரயில் பிடிக்கப் போனான். அவன் கதவைச் சாத்தியதும் அம்மாவின் வீடியோ கால் வந்தது. கோபியில் சாயங்காலம்.

"ஏங்கண்ணு, கெளம்பீட்டயா? எங்க, எந்திரிச்சு நில்லு பாக்கலாம்."

வான்மதி போனைத் தள்ளிப் பிடித்துக் காட்டினாள்.

"கோட்டு அம்சமா இருக்குது. புதுசா?"

ஒரு வினாடிதான். அந்த ஒரு வினாடியில் சொல்லியிருக்கலாம்.

"ஆமாம்மா. புதுசு."

"அப்ப மஞ்ச வெச்சயா?"

"ம்மா, இது கோட்டும்மா. இன்டர்வியூவுக்குப் போறேன்."

"கோட்டுன்னா? அதும் துணிதான? நல்ல காரியத்துக்குப் போறப்ப புதுசுல மஞ்ச வெக்காமப் போவாங்களா? போயி எடுத்துட்டு வா. நான் பாக்கறேன்."

பொய் சொன்னவளுக்கு மஞ்சள் வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வான்மதி அஞ்சறைப்பெட்டியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தண்ணீரில் குழைத்தாள். உள்பக்க ஓரத்தில் வைத்துவிடலாம், வெளியே தெரியாது என்று கணக்குப் போட்டாள். ஒரு கையில் போன், ஒரு கையில் மஞ்சள். கோட்டைத் திருப்ப மூன்றாவது கை இல்லை.

"தெரியலியே. போனக் கீழ எறக்கு. இன்னங் கொஞ்சம்."

போனை இறக்கினாள். அதோடு உள்ளங்கையும் சாய்ந்தது. குழம்பாக நின்ற மஞ்சள் கோட்டின் முன்பக்கம், இடது பாக்கெட்டுக்கு மேலே, எலுமிச்சை அளவில் விழுந்தது.

"ஆங், இப்பத் தெரியுது" என்றாள் அம்மா. "கொஞ்சம் தாராளமா வெச்சுட்ட. பரவால்ல, நல்லதுதான். வேல கெடச்சாப்லதான் சாமி."

போனை வைத்தாள். கறையைப் பார்த்தாள். பதறக்கூடாது, நான் வேதியியல் படித்தவள் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே வேதியியல் படித்தவள் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தாள். துணி துவைக்கும் சோப்பை நனைத்து அழுத்தித் தேய்த்தாள்.

மஞ்சள் சிவந்தது. ஒரு நிமிஷத்தில், கத்திக்குத்து வாங்கியவள் சட்டைபோல் சிவந்தது.

மஞ்சள்மேல் காரம் பட்டால் சிவக்கும். சோப்பு காரம். இது பத்தாம் வகுப்புப் பாடம். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைக்கத் தெரிந்த எந்த வீட்டுக்கும் பாடமே தேவையில்லை. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம் வாங்கியவள் குளியலறையில் நின்று, தன் பட்டம் கண்ணெதிரே நிறம் மாறுவதைப் பார்த்தாள்.

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். புளிப்பு பட்டதும் சிவப்பு பழையபடி மஞ்சளுக்குத் திரும்பியது. அதையே பெரிய வெற்றிபோல் உணர்ந்தாள். கொலை நடந்த இடத்திலிருந்து சாம்பார் சிந்திய இடத்துக்கு வந்துவிட்டாள். இனி என்ன? பிளேசர் இல்லாமல் போகலாம். ஆனால் உள்ளே போட்டிருந்த சட்டையும் சர்ச் கடைதான். அதன் முதுகில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு தையல் பிரிந்திருந்தது. கோட்டு மறைத்துக்கொள்ளும் என்றுதான் வாங்கியிருந்தாள். வேறு நல்ல சட்டை எல்லாம் துவைக்கும் கூடையில்.

அப்போதுதான் கோபி வீட்டு மொட்டைமாடிக் கொடி ஞாபகம் வந்தது. மஞ்சள் பட்ட எந்தத் துணியையும் அம்மா ஈரத்தோடு வெயிலில் போட்டுவிடுவாள். மத்தியானத்துக்குள் மஞ்சள் ஓடிவிடும். வெளிச்சத்தில் அந்த நிறமி சிதைந்துவிடும் என்பது வான்மதி பிறகு படித்துத் தெரிந்துகொண்ட விளக்கம். அவளுக்கு இப்போது வேண்டியது விளக்கமில்லை, வெயில். அவர்கள் அபார்ட்மென்ட் வடக்குப் பார்த்தது. கீழே புல்வெளியில் விரிக்கலாம். அங்கே ஸ்வர்ணா வருவாள்.

எட்டே முக்காலுக்கெல்லாம் மருந்துக் கம்பெனியின் பார்க்கிங்கில் இருந்தாள். கட்டிடம் முழுவதும் கறுப்புக் கண்ணாடி. ஆள் நடமாட்டமே இல்லை. கட்டிடத்துக்கு நேர் எதிரில் மரநிழல் படாத ஓர் இடம் பார்த்து நிறுத்தினாள். ஈரக் கோட்டை கார் பானட்டில் விரித்தாள். கறை இருந்த பக்கம் மேலே. காற்றில் பறக்காமல் இருக்க ஒரு செருப்பைக் கழற்றிக் கோட்டின் கைமேல் வைத்தாள்.

பிறகு காத்திருந்தாள். அவ்வப்போது பாட்டில் தண்ணீரைத் தெளித்தாள். அப்பளத்தைத் திருப்புவதுபோல் கோட்டின் கோணத்தைச் சூரியனுக்குத் தகுந்தபடி திருப்பினாள். ஒரு காக்கை போன்ற பறவை வந்து உட்காரப் பார்த்தது. கைதட்டி விரட்டினாள். கொஞ்ச நேரம் போனதும், சும்மா நிற்கிற நேரத்தில் பேசிப் பழகலாமே என்று தோன்றியது. கட்டிடத்தின் கறுப்புக் கண்ணாடியில் தன் உருவம் நன்றாகத் தெரிந்தது. ஒற்றைச் செருப்போடு அதன் அருகே போய் நின்றாள். கையை நீட்டினாள். "ஹலோ, ஐ ஆம் வான்மதி" என்றாள். சிரிப்பு போதவில்லை. மறுபடி செய்தாள். மூன்றாவது தடவை சிரிப்பு அதிகமாகிவிட்டது. பல்லில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்தாள்.

பத்தே முக்காலுக்குக் கறை வெளிறியிருந்தது. போகவில்லை. பழைய காகிதத்தின் நிறத்தில் ஒரு நிழல். தெரியாதவர் கண்ணுக்குத் தெரியாது என்று முடிவு செய்து, கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

ரிசப்ஷனில் இருந்தவள் ஒரு கான்ஃபரன்ஸ் அறைக்கு அழைத்துப் போனாள். வான்மதி வாசலிலேயே நின்றுவிட்டாள். அறையின் ஒரு சுவர் முழுக்க, வெளியிலிருந்து கறுப்பாகத் தெரிந்த அதே கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே வெயில். வெயிலில் அவளுடைய கார். பானட்டின்மேல் அவள் மறந்துவிட்டு வந்த தண்ணீர் பாட்டில்.

உள்ளே இருவர் இருந்தார்கள். லேபின் தலைவி லிண்டா, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். இன்னொருவர் அனந்தராமன் என்ற மூத்த விஞ்ஞானி. பெயரைக் கேட்டதுமே வான்மதிக்கு வியர்த்தது. அமெரிக்காவில் எவ்வளவு பேர் இருக்கிறார்கள், இவரும் தமிழராகத்தான் இருக்க வேண்டுமா?

லிண்டா எழுந்து கையை நீட்டினாள். "ஹலோ வான்மதி. உன் பெயரைச் சரியாகச் சொன்னேனா? காலையில் மூன்று தடவை கேட்டேன். பாதி உதட்டசைவில்தான்."

வான்மதி நீட்டிய கையைப் பற்றிக் குலுக்கினாள்.

"ஒன்றே ஒன்று கேட்டுவிடுகிறேன்" என்றாள் லிண்டா. "இல்லாவிட்டால் வேறு எதையும் என்னால் கேட்க முடியாது. நீ காரில் என்ன வதக்கிக்கொண்டிருந்தாய்?"

தரை பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது. தரை பிளக்கவில்லை. எப்படியும் வேலை போயிற்று, இனி கூச்சப்பட்டு எதைக் காப்பாற்றுவது என்று நினைத்ததும், வான்மதி வாயைத் திறந்தாள். சொன்னாள். மஞ்சள் கொட்டியதை, சோப்புப் போட்டதை, சிவந்ததை, எலுமிச்சம்பழத்தை. வெளிச்சம் அந்த நிறமியை எந்த இடத்தில் உடைக்கிறது என்று எழுந்துபோய்ப் பலகையில் வரைந்தாள். ஈரமாக இருந்தால் ஏன் சீக்கிரம் நடக்கிறது என்று சொன்னாள். தான் மொத்தமும் ஆங்கிலத்தில் பேசியிருப்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்படியானால் ஏன் முழுசாகப் போகவில்லை?" என்று கேட்டாள் லிண்டா. இப்போது அவள் சிரிக்கவில்லை.

"நேரம் போதவில்லை. கார் கண்ணாடிக்குள் வைத்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். கண்ணாடி வெயிலின் தேவையான பகுதியைத் தடுத்துவிடும். அதனால்தான் பானட்."

லிண்டா குனிந்து கறையைப் பார்த்தாள். "எல்லாம் சரி. நல்ல கோட்டில் எதற்கு மஞ்சளை வைத்தாய்?"

அதுவரை பேசாமலிருந்த அனந்தராமனுக்கு இப்போது உற்சாகம் வந்துவிட்டது. "அது எங்கள் ஊர் வழக்கம்" என்று லிண்டாவுக்கு விளக்கினார். "புதுத் துணி உடுத்தும்போது ஓரத்தில் மஞ்சள் வைப்போம். மங்களம். என் அம்மா டிராயர் பனியனைக்கூட விடமாட்டாள்." பிறகு வான்மதி பக்கம் திரும்பித் தமிழில், "புதுசு வாங்கினீங்களா? பேஷ். நல்ல கலர்" என்றார்.

இரண்டு வருஷமாக எந்தக் கேள்விக்குப் பயந்து இரண்டு ஊர் தள்ளிப் போய்க்கொண்டிருந்தாளோ, அந்தக் கேள்வி நேரில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். காலையிலும் ஒரு வார்த்தைதான் சொன்னாள். அதைக் கழுவத்தான் இவ்வளவு வெயில் தேவைப்பட்டது.

"இல்ல சார். பழசு. சர்ச் கடைல வாங்கினது."

"பழசுக்கு ஏம்மா மஞ்சள்?"

"அம்மாகிட்ட புதுசுன்னு சொல்லிட்டேன் சார்."

அனந்தராமன் வாய்விட்டுச் சிரித்தார். லிண்டாவுக்கு அதை மொழிபெயர்த்தார். லிண்டா சிரித்துவிட்டு, எந்த சர்ச் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். மீதி நேரம் வேதியியலில் போனது.

பத்து நாள் கழித்து போன் வந்தது. ஆறு மாத கான்ட்ராக்ட். லேபில் இருப்பதிலேயே கீழ்நிலை வேலை. வான்மதி சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இளமாறன், "கோட்டுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லு" என்றான்.

முதல் நாள் அவளுக்கு ஒரு வெள்ளை லேப் கோட்டு கொடுத்தார்கள். சலவை செய்து மடித்தது. மார்பில் நீல நூலில் "பட்ரீஷியா" என்று இருந்தது. பட்ரீஷியா ஓய்வு பெற்றுவிட்டாளாம். புதியது வர நாளாகும், அதுவரை இதைப் போட்டுக்கொள் என்றார்கள். வான்மதி பழக்கதோஷத்தில் அக்குள் பக்கம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம், கோபியில் விடிந்ததும், அம்மா கூப்பிட்டாள்.

"எப்பிடிக் கண்ணு இருந்துச்சு? நாஞ் சொன்னனல்ல, புதுக் கோட்டு ராசி. கயலு அம்மாகிட்டக்கூடச் சொன்னேன்."

"ம்மா. அந்தக் கோட்டு புதுசு இல்லம்மா."

வான்மதி நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். சர்ச் கடை, ஒன்பது டாலர், பொய், கறை, சோப்பு, பார்க்கிங் எல்லாம்.

"சோப்புப் போட்டயா?" என்றாள் அம்மா.

"ம்மா, நான் பழைய துணி வாங்கினதப் பத்தி சொல்லிட்டிருக்கேன்."

"அது கெடக்குது. மஞ்சமேல சோப்புப் போட்டா செவக்கும்னு தெரியாதா உனக்கு? எம்.எஸ்சி. படிக்க வெச்சனே! உங்கப்பன் காதுல விழுந்தா நெஞ்சப் புடிச்சுக்குவாரு."

"உனக்குக் கோவமில்லையா? மஞ்ச வெக்காத துணி போட்டதில்லன்னு ஊரெல்லாம் சொல்லுவியே."

"ஆமா, போட்டதில்ல. வெச்சுத்தான போட்டுவுட்டேன்." அம்மா கேமராவிலிருந்து முகத்தைத் திருப்பி எதையோ எடுப்பதுபோல் பாவனை செய்தாள். "கயலு ஒரு வருசம் போட்டதும் உங்க பெரிம்மா பொட்டலங் கட்டிக் குடுத்தனுப்பும். நான் கஞ்சி போட்டுத் தேச்சு, ஒரு ஓரத்துல மஞ்ச வெச்சு மணைமேல வெப்பேன். உங்கப்பனுக்குக்கூடத் தெரியாது. நீ அதத் தூக்கிட்டு ஊடு ஊடாக் குதிச்சுட்டுப் போவ."

வான்மதி போனை மேஜைமேல் சாய்த்து வைத்தாள். கயலும் அவளும் சேர்ந்து நிற்கிற போட்டோக்கள் ஒவ்வொன்றாக நினைவில் வந்தன. ரோஸ் பாவாடை. பச்சை கவுன். அந்த நட்சத்திரம் வைத்த சுடிதார். ஒவ்வொன்றையும் கயல் முந்தின வருஷப் போட்டோவில் போட்டிருந்தாள். எல்லாச் சான்றும் பதினைந்து வருஷமாக ஆல்பத்தில் ஒட்டிக்கிடந்தது. சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முன்னாள் சொந்தக்காரரின் உயரத்தைச் சொல்லிவிடுகிறவள், அதைப் பார்க்கவில்லை.

"எதுக்கும்மா சொல்லல?"

"எதுக்குச் சொல்லோணும்? நீதான் அவ்வளவு சந்தோசமா இருந்தயே." அம்மா மூக்கை உறிஞ்சினாள். சளி என்றாள். "சரி, அந்தக் கடைல ஆம்பளைங்க ஸ்வெட்டர் கெடைக்குமா? உங்கப்பாவுக்கு மார்கழில இழுப்பு வருது. நல்லதாப் பாத்து ஒண்ணு எடுத்து வெய்யி. அக்குள்ள மட்டும் நல்லா மோந்து பாத்துக்க."

"சரிம்மா."

"ஆபீசுல கோட்டு ஏதும் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. பட்ரீஷியான்னு ஒருத்தங்களோடது."

"மஞ்ச வெச்சயா?"

"அத வெளிய எடுத்துட்டு வர விடமாட்டாங்கம்மா."

"அதுக்கென்ன?" என்றாள் அம்மா. "நீ மஞ்சள உள்ள கொண்டு போ."